ஒரே வளையத்தில் இரண்டு சாவி

வாசகி கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோருக்குப் பக்கத்தில், பழைய தோட்டத்து மக்களுக்காகக் கட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். என் மாமியாருக்கு 71 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் அவருக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்தது. முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. சோதித்துப் பார்த்ததில் ‘இ.எஸ்.பி.எல். ஈ.கோலை’ என்று, பல மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி வந்தது. அடுத்துக் கொடுத்த நைட்ரோஃபுரான்டோயினில் சரியாகிவிட்டது. அவர் இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்ததோடு சரி, மருந்து மாத்திரை என்று அதிகம் போனவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன், செம்பு, துத்தநாகம், ஆர்சனிக் மாதிரி உலோகங்களாலும் கிருமிக்கு மருந்து எதிர்ப்பு வருகிறது என்கிறான். வீட்டுக்குப் பின்னால் பழைய ஈய லம்பக் குட்டை, வெள்ளீயம் தோண்டிய சுரங்கப் பள்ளம். அரைக்கட்டை (அரை மைல்) தூரத்தில் கோழிப் பண்ணை. அங்கே எரு வாங்கித்தான் கீரை போடுகிறோம். வீட்டுக் கோழிக்குச் சீக்கு வந்தால் மிச்சமிருக்கும் கேப்சூலை உடைத்துத் தீனியில் கலப்போம். மாமியார் செம்புச் சொம்பில் வைத்த தண்ணீரைத்தான் குடிப்பார். மகன் சொன்னதைக் கேட்டு அந்தச் சொம்பை எடுத்து ஸ்டோரில் பூட்டிவிட்டேன். இரண்டு வாரமாக அவர் என்னோடு பேசவில்லை. உலோகத்தால் எதிர்ப்பு வருவது உண்மைதானா? கிருமி முழுதும் போய்விட்டதா என்று இன்னொரு முறை சோதிக்க வேண்டுமா?

பதில்:

வணக்கம் சகோதரி.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மாமியாருக்கு இப்போது தொந்தரவு ஏதும் இல்லையென்றால், கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதற்காக மட்டும் சிறுநீரைத் திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை. வயதான பெண்களுக்கு, அதுவும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, எந்தக் கடுப்பும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். சோதித்தால் முளைக்கும். முளைத்ததைப் பார்த்தால் யாருக்காவது மருந்து எழுதக் கை அரிக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, திடீரென்று பேச்சில் தடுமாற்றம் என்று ஏதாவது வந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே இருப்பவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் கிருமி வளர்த்துப் பார்த்தவன். உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஆர்’, ‘ஆர்’ (மருந்துக்கு எதிர்ப்பு) என்று வரிசையாக விழுந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று முதலில் காட்டிவிடுகிறேன். வட்டத் தட்டில் வெளிர்மஞ்சளாக உறைந்த அகார், கிருமி வளர்க்கும் கூழ். நோயாளியின் கிருமியைப் பஞ்சால் தொட்டு அதன்மேல் சீராகப் பூசுவோம். ஆறு மில்லிமீட்டர் காகிதப் பொட்டுகளை அங்கங்கே வைப்போம், ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. ஒரு ராத்திரி 35 டிகிரிச் சூட்டில் கிடக்கும். காலையில் மூடியைத் திறந்தால் தொழுவ வாடை வரும், ஈ.கோலையின் வாடை அது. தட்டு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி கிருமி படர்ந்திருக்கும். மருந்துக்குக் கிருமி பயந்தால் பொட்டைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும், ஸ்கேல் வைத்து அளப்போம். பயப்படாவிட்டால் பொட்டின் விளிம்பு வரை ஏறி வந்து நிற்கும்.

இ.எஸ்.பி.எல். கிருமியில் ஒரு வேடிக்கை உண்டு. செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் பொட்டையும், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த பொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் தெளிவான இடம் இழுபட்டு, பழைய பூட்டின் சாவித்துவாரம் மாதிரி ஆகிவிடும். மருந்தை வெட்டிப்போடும் இ.எஸ்.பி.எல். என்ற நொதியை அந்தக் கிருமி சுரக்கிறது, கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது என்பதற்கு அடையாளம் அது. எத்தனையோ தட்டில் பார்த்திருக்கிறேன். அந்தத் துவாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாவின் சாவிக்கொத்துதான் ஞாபகம் வரும்.

அப்பா ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிராணி (குமாஸ்தா). உரமும் புல் மருந்தும் அடுக்கிய ஸ்டோரின் சாவி அவரிடம். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மருந்து கட்டும் டிரெசர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்பதால், மருந்து அலமாரியின் சாவியும் அவரிடமே இருந்தது. இரண்டும் ஒரே வளையத்தில். ஸ்டோரைத் தினமும் விடியற்காலையில் திறக்க வேண்டும், அதனால் வளையம் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. பிறகு அந்த ஆஸ்பத்திரியை மூடினார்கள். அலமாரியைக்கூட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அலமாரிச் சாவி மட்டும் அப்பா ஓய்வு பெறும்வரை வளையத்திலேயே இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டோர் சாவி இருக்கிறவரை அதுவும் இருந்தது.

உங்கள் மகன் சொன்னதன் சாரம் இதுதான். கிருமிக்குள் அதன் முக்கிய மரபணுத் தொகுதி போக, பிளாஸ்மிட் என்று வளையம் வளையமாகச் சிறு டி.என்.ஏ. உண்டு. நிஜமாகவே வளைய வடிவம், நான் உவமைக்காகச் சொல்லவில்லை. ஒரு கிருமி இன்னொரு கிருமியைத் தொட்டு இந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும், வேறு இனமாக இருந்தால்கூட. மருந்தை முறியடிக்கும் மரபணுவும், உலோக நஞ்சைத் தாங்கும் மரபணுவும் ஒரே வளையத்தில் கோத்திருந்தால், செம்போ ஆர்சனிக்கோ இருக்கும் இடத்தில் பிழைக்கிற கிருமி, மருந்து எதிர்ப்பையும் சேர்த்தே சுமந்து பிழைக்கும். அந்தப் பக்கம் மருந்தே தலைகாட்டாவிட்டாலும் சரி.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1968-லேயே நோவிக், ராத் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியில் பென்சிலினை உடைக்கும் மரபணு இருக்கும் பிளாஸ்மிட்டிலேயே பாதரசம், காட்மியம், ஆர்சனிக் முதலியவற்றைத் தாங்கும் மரபணுக்களும் இருப்பதைக் காட்டினார்கள். நம் தோட்டங்களில் முழங்கால் சிராய்த்தால் டிரெசர் தடவுவாரே சிவப்பு மருந்து, அதுவும் பாதரசம் சேர்ந்ததுதான். அன்றைய ஆஸ்பத்திரிகளில் ஒரு கையில் பென்சிலின் ஊசி, இன்னொரு கையில் பாதரசத் தைலம். கிருமிக்கு இரண்டு சாவியும் தேவைப்பட்ட காலம்.

டென்மார்க் கதை இன்னும் தெளிவானது. கோழிக்கும் பன்றிக்கும் சீக்கிரம் சதை பிடிக்க அவோபார்சின் என்ற மருந்தைத் தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள். அது வான்கோமைசினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வான்கோமைசினோ ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பது. எதிர்ப்புக் கிருமி பெருகுவதைப் பார்த்து 1995-இல் அவோபார்சினைத் தடை செய்தார்கள். கோழியில் எதிர்ப்பு குறைந்தது. பன்றியில் குறையக் காணோம். தேடிப் பார்த்தால், பன்றிக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து போய்க்கொண்டிருந்தது, இரண்டுக்கும் எதிர்ப்பு ஒரே பிளாஸ்மிட்டில். 1998-இல் அதையும் நிறுத்திய பிறகுதான் பன்றியிலும் இறங்கியது. பிறகு 2002-இல் ஹஸ்மன், ஆரெஸ்ட்ரூப் என்ற ஆய்வாளர்கள் அதே கிருமிகளில் செம்பைத் தாங்கும் மரபணு ஒன்றும் இந்த எதிர்ப்பு மரபணுக்களோடு கோத்திருப்பதைக் கண்டார்கள். பன்றித் தீனியில் செம்பு உப்பு தாராளமாகப் போய்க்கொண்டிருந்த நாடு அது. கூடவே துத்தநாகமும். பால்குடி மறந்த பன்றிக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு வராமலிருக்கத் துத்தநாக ஆக்சைடை மருந்தளவில் தீனியில் கலக்கும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. மண்ணில் உலோகம் சேர்வதும் மருந்து எதிர்ப்பும் அந்த முடிவுக்குக் காரணங்கள்.

வளையம் ஒரு வழி. வேறு இரண்டு வழியும் உண்டு. சில கிருமிகளின் தோலில் ஒரு பம்பு இருக்கிறது, படகில் ஏறிய தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற மாதிரி. கொட்டுவது துத்தநாகமா மருந்தா என்று அது பார்ப்பதில்லை. நாம் மட்டும் என்னவாம்? புல் மருந்து, எலி மருந்து, இருமல் மருந்து எல்லாம் நமக்கு மருந்துதானே! (இந்த நாட்டுச் சட்டமும் அப்படித்தான்: ஆன்டிபயாட்டிக், 1952-ஆம் வருடத்து நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது.)

மூன்றாவது வழியை உங்கள் மாமியாருக்கு நீங்கள் எளிதாக விளக்கலாம். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தால் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் மட்டுமா வருவார்கள்? மருந்தடிக்கிறவர்கள், புல்வெட்டுகிறவர்கள் எல்லாரும்தான் வந்து நிற்பார்கள். சூடோமோனாஸ் என்ற ஆஸ்பத்திரிக் கிருமியில் துத்தநாகம் பட்டால் இப்படி ஒரு மணி அடிக்கிறது. துத்தநாகத்தை வெளியே தள்ளும் பம்பு ஓடத் தொடங்குகிறது. அதே மணிக்கு, தோலில் இருக்கும் ஒரு வாசலும் சாத்திக்கொள்கிறது. இமிபெனெம் என்ற வலுவான மருந்து உள்ளே நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். மருந்தைப் பார்த்தே இராத கிருமி மருந்துக்குக் கதவடைத்து நிற்கிறது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. உப்சாலா ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடையே பரவிய கிளெப்சியெல்லா கிருமியிலிருந்து ஒரு பிளாஸ்மிட்டை எடுத்தார்கள். உங்கள் மாமியாருக்கு வந்த அதே இ.எஸ்.பி.எல். வகை எதிர்ப்பு அதில் இருந்தது. அதோடு ஆர்சனிக், செம்பு, வெள்ளி ஆகியவற்றைத் தாங்கும் மரபணுக்களும். 2014-இல் வெளியிட்ட முடிவு இது: கிருமியைக் கொல்ல முடியாத சொற்ப அளவு ஆர்சனிக் இருந்தாலே, அந்த பிளாஸ்மிட் உள்ள கிருமி மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகுகிறது. ஆர்சனிக்கும் மருந்தும் சேர்ந்து இருந்தால் இன்னும் சொற்பமே போதும். ஆர்சனிக்கை முழு உலோகம் என்று வேதியியலார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது தனிச் சண்டை. கிருமிக்கு அந்தக் கவலை இல்லை.

பீடோர் மண்ணுக்கு ஆர்சனிக் அந்நியம் இல்லை. பேராக்கில் வெள்ளீயத் தாது கிடந்த இடத்தில் ஆர்சனிக் கனிமமும் சேர்ந்து கிடந்தது. வெள்ளீயத்தை அலசி எடுத்துக்கொண்டு மிச்சத்தை மணல்மேடாகவும் குட்டையாகவும் விட்டுப் போனார்கள். தோட்டமும் தன் பங்குக்குச் சேர்த்தது. என் பாட்டி காலத்தில் ரப்பர் தோட்டத்துப் புல் மருந்து சோடியம் ஆர்சனைட். அடித்த இடத்தில் மேய்ந்து பாட்டியின் கறவைப் பசு செத்ததை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், கணக்கில் ஒரு காசு வரவில்லை என்பதையும் சேர்த்து. பின்னால் வந்த எம்.எஸ்.எம்.ஏ. களைக்கொல்லியிலும் ஆர்சனிக்தான். சதுப்புக் கரிமண்ணில் நட்ட செம்பனைக்குச் செம்பு போதாது என்று செம்பு உப்பு போடுவார்கள். பாறை பாஸ்பேட் உரத்தில் துளியூண்டு காட்மியம் ஒட்டிக்கொண்டு வரும். மருந்து என்றால் வெயிலிலும் மண்ணிலும் நாளடைவில் சிதைந்து போகும், சில சீக்கிரம், சில மெதுவாக. உலோகம் சிதைவதில்லை. பாட்டியின் பசுவைக் கொன்ற ஆர்சனிக் அணுக்கள் அந்த மண்ணிலோ, அது கரைந்தோடிய ஆற்றிலோ இன்னும் இருக்கும். எனக்கு இதில் உறுத்துவது இந்த ஒன்றுதான். மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு மெல்ல வடியும் என்று நம்பித்தான் சட்டம் போடுகிறோம். நம் நாட்டிலும் 2019 ஜனவரியிலிருந்து கால்நடைக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தடை. நல்ல முடிவு. ஆனால் உலோகம் கிடக்கிற மண்ணில் அந்த வடிதல் நாம் நினைக்கும் வேகத்தில் நடக்காது.

இவ்வளவும் படித்துவிட்டு, மாமியாருக்கு வந்த கிருமியைக் குட்டை மேலேயோ பண்ணை மேலேயோ எழுதிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு முறிவு, ஆஸ்பத்திரி. அப்படி ஒரு சிகிச்சை என்றால் அறுவைக்கு முன்னால் ஆன்டிபயாட்டிக் ஊசி, சிறுநீருக்கு டியூப், பல நாள் வார்டு வாசம் எல்லாம் வழக்கம். அதற்கு மேல் இனிப்புநீர். இ.எஸ்.பி.எல். கிருமி குடலில் குடியேறி, ஒரு தொந்தரவும் தராமல் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, சமயம் பார்த்துச் சிறுநீர்ப் பாதைக்குள் ஏறும். அதை எங்கே வாங்கினார் என்று எந்த ஆய்வுக்கூடமும் சத்தியம் பண்ண முடியாது, பந்தயம் கட்டச் சொன்னால் நான் வார்டு மேல் கட்டுவேன். மனிதருக்கும் கால்நடைக்கும் நாம் அள்ளிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்தான் முதல் குற்றவாளி. உலோகம் கூட நின்றது. 2019-இல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமியால் நேரடியாக இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மகன் சொன்ன உலோகக் கதையைக் கேட்டுவிட்டு, நம் கையில் இருக்கிற முதல் காரணத்தை யாரும் மறந்துவிடக் கூடாது என்பது என் பயம்.

அதனால் எருவைவிட எனக்கு அந்தக் கேப்சூல்தான் அதிகக் கவலை. மிச்சமான கேப்சூலை உடைத்துக் கோழித் தீனியில் கலப்பதை இன்றோடு விடுங்கள். என்ன சீக்கு என்று தெரியாது, அளவு தெரியாது. கோழிக்கு வந்தது வைரஸ் என்றால் கேப்சூல் ஒன்றுமே செய்யாது. குடலில் இருக்கும் கிருமிகளுக்கு மட்டும் பாடம் நடத்தும். கடைத் தீனியில் செம்பும் துத்தநாகமும் ஏற்கனவே இருக்கும்; அவை இல்லாமல் கோழி வளராது, பண்ணைகளில் தேவைக்கு மேலும் போவதுண்டு. கோழி உடம்பில் தங்குவது கொஞ்சம், எச்சத்தில் போவது அதிகம். அதன்மேல் நீங்கள் கேப்சூலைத் தூவினால், உப்சாலாக்காரர்கள் கண்ணாடிக் குழாயில் செய்ததைக் கொல்லையில் செய்கிறீர்கள். வீட்டில் எங்கோ ஒரு பிஸ்கட் டின்னில் அந்த மிச்சமெல்லாம் இருக்கும். அரசு ஆஸ்பத்திரி மருந்தகங்களில் மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், டின்னோடு கொண்டுபோய்க் கொடுங்கள். கால்வாயில் கொட்ட வேண்டாம்.

எருவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பச்சையாக வாங்கி வந்த கையோடு பாத்திக்குப் போடாதீர்கள். இலை தழையோடு குவித்து, நடுவில் கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை மக்கவிட்டு, புரட்டிப் போட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துப் போடுங்கள். சூட்டில் கிருமியில் பெரும்பகுதி செத்துவிடும், மருந்து மிச்சமும் குறையும். செம்பும் துத்தநாகமும் குறையாது. குவியல் சுருங்கச் சுருங்க ஒரு பிடி எருவில் அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். எனவே வருடா வருடம் அதே பாத்திக்குக் கூடை கூடையாகக் கொட்டாமல், வாழைக்கும் கொய்யாவுக்கும் பெரும்பங்கைப் போட்டுவிட்டுக் கீரைக்குக் கொஞ்சமாக வையுங்கள். எரு அள்ளுகிறபோது கையுறையும் சப்பாத்தும் போடுங்கள், உள்ளே வந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

குட்டைத் தண்ணீரை மட்டும் கீரைக்கு ஊற்றாதீர்கள். கங்கோங் கீரையைப் பிரட்டித்தான் தின்கிறோம், கிருமி செத்துவிடும்; ஆர்சனிக் வேகாது. வல்லாரையோ இன்னும் மோசம், பெரும்பாலும் சமைக்காமல் பச்சைக் கீரையாக, உலாமாகத் தின்கிறோம், அது குட்டை ஓரத்து ஈரத்தில்தான் செழிக்கும். அதைத் தொட்டியில் வைத்துக் குழாய்த் தண்ணீரில் வளர்த்துக்கொள்ளலாம். குட்டையில் மீன் பிடிக்கிறவர்கள் இருந்தால், அதன் தண்ணீரை எப்போதாவது சோதித்தார்களா என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள். தாமான்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் இன்னும் நல்லது.

இனி அந்தச் சொம்பு.

செம்பு கிருமியைக் கொல்லும் என்பது பாட்டிமார் கதை இல்லை. ராத்திரி முழுக்கச் செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் ஈ.கோலையும் காலராக் கிருமியும் செத்துப்போவதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் சொம்புக்குள்ளும் எதிர்ப்பு வளருமே என்பது மகனின் வாதம். எதிர்ப்பு வேரூன்றுவதற்கு, கிருமி சாகாத அளவில் உலோகம் வேண்டும், தின்னத் தீனி வேண்டும், தலைமுறை தலைமுறையாகப் பெருக நாளும் வேண்டும். எருக்குழியிலும் குட்டைச் சேற்றிலும் பன்றியின் குடலிலும் இவை மூன்றும் இருக்கின்றன. தினம் காலி செய்து, தேய்த்துக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பும் சொம்பில் கிருமிக்கு என்ன இருக்கிறது? குடிநீரில் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. வெறும் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்தால் பொதுவாக அதற்குள்தான் இருக்கும். எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர் மாதிரி புளிப்பு எதையும் வெறும் செம்பில் வைக்கக் கூடாது. அதற்குத்தானே நம்மவர்கள் உள்ளே ஈயம் பூசினார்கள். பூசியது உங்கள் பின்வாசல் குட்டையிலிருந்து போன அதே வெள்ளீயமாகக்கூட இருக்கலாம்.

ஆகவே சொம்பை ஸ்டோரிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் பூட்டிக் கிடந்ததில் பச்சை பிடித்திருந்தால் அப்படியே நீட்டாமல், புளியும் உப்பும் போட்டு நீங்களே விளக்கி, நன்றாக அலசி, தண்ணீர் ரொப்பி அவர் கட்டில் பக்கத்தில் வையுங்கள். பேச்சை அவரே ஆரம்பிப்பார்.